பையில் கிடக்கும் பீக்கன் உதவாது

போன இதழில் சின்ன விமானம் ஓட்டுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. வீட்டில் ஒருவர் பிளேன் ஓட்டுகிறார். மேலே போனபின் எங்கே இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? எங்காவது இறங்க நேர்ந்தால் யார், எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஆகவே இந்த முறை முழுக்க இதுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் பிறந்தது குளச்சல். நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். நியூ சவுத் வேல்ஸில் பதினைந்து வருடமாகச் சொந்த விருப்பத்துக்குப் பறக்கிறேன், பெரும்பாலும் செஸ்னா 172 என்ற சின்ன விமானம். கடிதங்கள் நீளமாக இருந்ததால் கேள்வியை மட்டும் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

எம்.எஸ்., மெல்பர்ன்: அக்கா, என் மகனுக்கு 22 வயது. பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டான். பிறந்தநாளுக்கு ஒரு டிராக்கர் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். எதை வாங்கலாம்?

முதலில் பி.எல்.பி. வாங்கிக் கொடுங்கள். டிராக்கர் அதற்கு அடுத்தது.

கடையில் எல்லாவற்றையும் டிராக்கர் என்றே சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் மூன்று வேறு வேறு பொருள். பிளேனின் வால்பக்கம் பொருத்தியிருப்பது ஈ.எல்.டி. மோதும் அதிர்ச்சியில் அதுவே இயங்கி ஆபத்துச் சிக்னல் அனுப்ப வேண்டும். சட்டைப் பையில் அடங்கும் பீக்கன், அதாவது ஆபத்துச் சிக்னல் அனுப்பும் சின்னக் கருவிதான் பி.எல்.பி. ஆன்டெனாவை நிமிர்த்தி நாமே பட்டனை அழுத்த வேண்டும். இந்த இரண்டும் 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுச் செயற்கைக்கோள் அமைப்போடு பேசுகின்றன. இங்கே அழுத்தினால் செய்தி நேராகக் கான்பெராவில் இருக்கும் மீட்பு மையத்துக்குப் போகும். மாதச் சந்தா கிடையாது. மூன்றாவது, ஸ்பாட், இன்ரீச் போன்ற கருவிகள். இவை பறக்கும்போதே சில நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். வீட்டில் இருப்பவர் வரைபடத்தில் புள்ளியாகப் பார்க்கலாம். சந்தா கட்ட வேண்டும். இதன் எஸ்.ஓ.எஸ். பட்டனை அழுத்தினால் முதலில் ஒரு தனியார் மையத்துக்குப் போய், அவர்கள் அந்த நாட்டு மீட்பு மையத்துக்குச் சொல்வார்கள்.

ஏன் பி.எல்.பி.யை முதலில் சொல்கிறேன் என்றால், நான் பட்டிருக்கிறேன். 2016 ஜூன் மாதம், குளிர்ந்த ஈரக் காலை. மட்ஜீ என்ற ஊருக்கு வடக்கே போய்க்கொண்டிருந்தேன். கார்புரேட்டரில் பனி பிடித்து எஞ்சின் தடுமாறியது. அந்தப் பனியை உருக்கும் கார்ப் ஹீட்டை இழுக்க நான் தாமதித்துவிட்டேன். எஞ்சின் நின்றது. கீழே ஒரு மேய்ச்சல் நிலம் தெரிந்தது, இறக்கினேன். இறங்கியது நன்றாகத்தான் இருந்தது. ஓடி நிற்கப் போகும் நேரத்தில் முன்சக்கரம் புல்லுக்குள் மறைந்திருந்த வாய்க்காலில் விழுந்து பிளேன் குப்புறக் கவிழ்ந்தது. பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினேன். இடது காறை எலும்பு முறிந்திருந்தது. பெட்ரோல் சொட்டும் வாசனை. பெல்ட்டைக் கழற்றி, விழுந்து, அடுத்த பக்கக் கதவு வழியாக ஊர்ந்து வெளியே வந்தேன்.

அன்று என்னோடு மூன்று கருவிகளும் இருந்தன. ஈ.எல்.டி.யின் ஆன்டெனா பிளேனின் முதுகில் இருக்கும். கவிழ்ந்ததில் அது நசுங்கிப் போயிருந்தது. டிராக்கர் டேஷ்போர்டிலிருந்து எங்கோ தெறித்துவிட்டது. பி.எல்.பி. எங்கே? பின்னால் சாமான் வைக்கும் இடத்தில், என் பையின் ஜிப்புக்குள், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில். பெட்ரோல் வாசனைக்குள் மறுபடி நுழைய எனக்குத் துணிவில்லை. போனில் சிக்னல் இல்லை. ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் மூன்று மணி நேரம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்வையில் இருக்கிறது பிளேன், அதற்குள் இருக்கிறது பை, பைக்குள் இருக்கிறது பீக்கன். அந்த மூன்று மணி நேரத்தை நான் மறக்கவே இல்லை.

ஆகவே உங்கள் மகனுக்கு பி.எல்.பி.யோடு கூட ஒரு வெஸ்ட்டும் வாங்கிக் கொடுங்கள், பாக்கெட் வைத்தது. பறக்கும்போது பீக்கன் அவன் உடம்பில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலிய விதியில், புறப்பட்ட இடத்திலிருந்து 50 நாட்டிகல் மைலைத் தாண்டிப் போகும் விமானத்தில் பீக்கன் கட்டாயம்; பி.எல்.பி. இருந்தாலும் போதும். உடம்பிலோ அவசர வழியின் பக்கத்திலோ இருக்க வேண்டும் என்ற கருத்தில்தான் அந்த விதி எழுதப்பட்டிருக்கிறது. வாங்கிய அன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு இலவசம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதில் உங்கள் போன் நம்பரைக் கொடுத்திருந்தால், பீக்கன் ஒலித்தவுடன் மீட்பு மையம் முதலில் உங்களைக் கூப்பிட்டு, “பையன் இன்று பறக்கிறானா, எந்தப் பக்கம்?” என்று கேட்கும்.

ஜி.ஆர்., டொராண்டோ: விமானத்திலேயே ஈ.எல்.டி. சட்டப்படி இருக்கிறதே. அதற்கு மேல் இன்னொன்று எதற்கு?

ஈ.எல்.டி.யைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அது எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்களுக்கும் வராது.

1967 மார்ச்சில் அமெரிக்காவின் வடக்குக் கலிஃபோர்னியாவில், டிரினிட்டி மலைப்பகுதியில் ஒரு செஸ்னா 195 விழுந்தது. அப்பா, அம்மா, 16 வயது மகள். மூவரும் விழுந்ததில் சாகவில்லை. அப்பா உதவி தேடிப் போனார், திரும்பவில்லை. அம்மாவும் மகளும் பனிக்குள் பிளேனிலேயே இருந்து, வாரக்கணக்கில் டைரி எழுதியிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. தேடும் விமானங்கள் தேடிக் களைத்துத் திரும்பின. அக்டோபரில் வேட்டைக்குப் போனவர்கள் கண்ணில்தான் அந்தப் பிளேன் பட்டது. நான் நர்ஸ். பிழைக்கக்கூடியவர்களை இழப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது நாட்டையே உலுக்கி, 1970இல் அமெரிக்காவில் பெரும்பாலான சிறு விமானங்களுக்கு ஈ.எல்.டி.யைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவதற்குள் இன்னொன்று. 1972 அக்டோபர் 16. அலாஸ்காவில் ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்குப் போன செஸ்னா 310 காணாமல் போனது. உள்ளே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைத் தலைவர் ஹேல் பாக்ஸும் அலாஸ்கா உறுப்பினர் நிக் பெகிச்சும். 39 நாள் தேடினார்கள். இன்றுவரை ஒரு துண்டு கிடைக்கவில்லை. விசாரணையில் தெரியவந்த ஒரு விஷயத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சில்லிட்டது: பைலட்டிடம் கையில் எடுத்துச் செல்லும் பீக்கன் ஒன்று இருந்திருக்கிறது. அது ஃபேர்பேங்க்ஸில் வேறொரு விமானத்துக்குள் கிடந்தது.

அப்புறம் செயற்கைக்கோள் வந்தது. காஸ்பாஸ்-சார்சாட்டை அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் சேர்ந்து தொடங்கின, அதுவும் பனிப்போர் நடந்த காலத்தில். முதல் செயற்கைக்கோளைச் சோவியத் 1982 ஜூனில் ஏவியது. அதே செப்டம்பரில் முதல் மீட்பு, உங்கள் கனடாவில்தான். பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில், காணாமல் போன ஒரு விமானத்தைத் தேடப் போன சின்ன விமானம் தானே விழுந்துவிட்டது. அதிலிருந்த மூன்று பேரையும் சோவியத் செயற்கைக்கோள் கேட்ட சிக்னலை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

சரி, ஈ.எல்.டி. ஏன் போதாது? மோதலில் அது பிழைக்க வேண்டும், ஆன்டெனா பிழைக்க வேண்டும், இரண்டையும் இணைக்கும் கேபிள் பிழைக்க வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் பேச்சில்லை. தண்ணீருக்குள் போனால் சிக்னல் வெளியே வராது. தீப்பிடித்தால் சொல்லவே வேண்டாம். 2010 ஆகஸ்ட் 9 அன்று அலாஸ்காவில் முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் போன விமானம் மலைச்சரிவில் மோதியது. ஒன்பது பேரில் நான்கு பேர் உயிரோடு உள்ளே கிடந்தார்கள். அந்த விமானத்தில் ஈ.எல்.டி. இருந்தது. மோதிய வேகத்தில் அது தாங்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்ததில் ஆன்டெனா இணைப்பு அறுந்துவிட்டது, சிக்னல் யாருக்கும் கேட்கவில்லை. எங்கே இன்னும் வரவில்லையே என்று ஆட்கள் விசாரிக்க ஆரம்பித்த பிறகுதான் தேடல் தொடங்கியது. இந்தக் கோளாறுகளை ஆராய 2015இல் நாசா, வர்ஜீனியாவிலுள்ள லாங்லி மையத்தில் மூன்று பழைய செஸ்னா 172களை உயரத்திலிருந்து தரையில் மோதவிட்டே பார்த்தது.

இன்னொன்று. உங்கள் பிளேன் பழையது என்றால் ஈ.எல்.டி. எந்த அலைவரிசை என்று இந்த வாரமே பாருங்கள். 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டும் என்றால், அதைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரி 1ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். மேலே பறக்கும் யாராவது ரேடியோவில் கேட்டால்தான் உண்டு.

வி.கே., சிங்கப்பூர்: இன்ரீச்சில் 10 நிமிடத்துக்கு ஒரு புள்ளி, கூடுதல் கட்டணத்தில் 2 நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்கிறார்கள். அந்தக் கூடுதல் பணம் தகுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். செஸ்னா 172 சுமார் 110 நாட் வேகத்தில் போகும், மணிக்கு 200 கிலோமீட்டர் போல. பத்து நிமிடத்தில் 34 கிலோமீட்டர். கடைசிப் புள்ளி விழுந்து அடுத்தது விழுவதற்குள் ஏதாவது நடந்தால், அந்தப் பிளேன் 34 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பரப்பளவு 3,600 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். அதைப்போல எட்டு மடங்குக்கு மேல், அதுவும் தெருவும் வீடும் இல்லாத காடாக.

இரண்டு நிமிடப் புள்ளி என்றால் 7 கிலோமீட்டருக்கும் குறைந்த ஆரம். 145 சதுர கிலோமீட்டர். ஒரு ஹெலிகாப்டர் ஒரே மதியத்தில் பார்த்து முடிக்கக்கூடிய அளவு. போகிற திசை முந்தைய புள்ளிகளில் தெரிவதால் நடைமுறையில் இரண்டுமே இன்னும் சுருங்கும். ஆனால் மோசமான வானிலையில் பைலட் திரும்பியிருக்கலாம், பள்ளத்தாக்குக்குள் நுழைந்திருக்கலாம். திசையை நம்பித் தேடுகிறவர்கள் ஏமாறுவது அப்படிப்பட்ட நாளில்தான்.

எனக்கு நேர்ந்த அன்று 10 நிமிடத் திட்டம்தான் வைத்திருந்தேன். கடைசிப் புள்ளி, நான் இறங்குவதற்கு ஏழு நிமிடம் முன்னால் விழுந்தது. ஹெலிகாப்டர் முதலில் வேறு பள்ளத்தாக்கைச் சுற்றியது; சத்தம் எனக்குக் கேட்டது, அவர்களுக்கு நான் தெரியவில்லை. அந்த மாதமே 2 நிமிடத்துக்கு மாறிவிட்டேன். தகும்.

வாங்கும்போது இதையும் கவனியுங்கள். இன்ரீச் பயன்படுத்தும் இரிடியம் அமைப்பு 66 செயற்கைக்கோள்களைக் கொண்டது. ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும், ஆகவே உலகம் முழுக்க எடுக்கும். ஸ்பாட் பயன்படுத்தும் குளோபல்ஸ்டாருக்குச் செயற்கைக்கோள் பார்வையில் தரை நிலையமும் வேண்டும். நடுக்கடலிலும் துருவப் பக்கமும் விட்டுவிடும். வெறும் புள்ளி அனுப்பும் சாதாரண ஸ்பாட்டில் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று நமக்குத் தெரியாது. இன்ரீச்சில் பதில் வரும். விழுந்து கிடப்பவருக்கு “பார்த்துவிட்டோம், வருகிறோம்” என்ற இரண்டு சொல் என்ன செய்யும் என்பதை மரத்தடியில் உட்கார்ந்தவளாகச் சொல்கிறேன், அது மருந்து மாதிரி.

எஸ்.டி., சான் ஹோசே: ஃப்ளைட்ரேடார் செயலியில் பிளேன் தெரிகிறது. ஐபோனில் செயற்கைக்கோள் எஸ்.ஓ.எஸ். இருக்கிறது. இவை போதாதா?

கூடுதல் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றையே நம்ப வேண்டாம்.

ஃப்ளைட்ரேடாரில் தெரிவது, பிளேன் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லும் ஏ.டி.எஸ்-பி. கருவி ஒலிப்பது. தரையில் இருக்கும் ரிசீவருக்கு நேர்ப்பார்வையில் இருந்தால்தான் அது கேட்கும். தாழ்வாகப் போனாலோ மலைக்குப் பின்னால் போனாலோ மறைந்துவிடும். விபத்துகள் நடப்பது அங்கேதான். ஏ.டி.எஸ்-பி.யின் உண்மையான பயன், மற்ற விமானங்கள் உங்களைப் பார்ப்பது. அதற்காகக் கண்டிப்பாக வைத்திருங்கள்.

ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் எஸ்.ஓ.எஸ். இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2022 நவம்பரில் வந்தது, எங்களுக்கு அடுத்த ஆண்டு மே மாதம். ஆனால் திரை உடையாமல் இருக்க வேண்டும், கையில் எடுக்க முடிய வேண்டும், செயற்கைக்கோளை நோக்கிப் பிடித்து, கேட்கும் கேள்விகளுக்கு விடை தட்ட வேண்டும். உடைந்த கையோடு அதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். ஆனாலும் போனைச் சார்ஜ் போட்டு, உடம்போடு வையுங்கள். அமெரிக்காவில் சிவில் ஏர் பட்ரோல் என்ற தன்னார்வத் தேடுதல் அமைப்பில் ஒரு தனிக்குழுவே இருக்கிறது. காணாமல் போனவரின் போன் எந்த டவரோடு கடைசியாகப் பேசியது என்று பார்த்து இடத்தைச் சுருக்கித் தருகிறார்கள்.

பெயர் வேண்டாம், அடிலெய்டு: என் கணவர் பறக்கும்போதெல்லாம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில சமயம் நின்றுவிடும். வயிறு கலங்கும். யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு நேரம் பொறுப்பது என்று தெரியவில்லை. சும்மா கூப்பிட்டுவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார்.

தங்கச்சி, இந்த இதழில் நான் எழுத நினைத்ததே உங்கள் கேள்விக்கான பதிலைத்தான்.

டிராக்கர் வாங்குகிற எல்லா பைலட்டும் கருவியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். புள்ளி நின்றால் பார்த்துக்கொண்டிருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசியவர்கள் மிகவும் குறைவு. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கருவி பாதி வேலைதான் செய்கிறது. மீதிப் பாதி நீங்கள். உங்களிடம் அந்தப் பாதியை ஒப்படைக்காமல் அவர் பறக்கிறார். அதனால்தான் உங்களுக்கு வயிறு கலங்குகிறது, அது உங்கள் குறை இல்லை.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மட்ஜீ விபத்துக்கு முன்பே ஒட்டியது, என் வீட்டுக்காரர் எழுதச் சொன்னது. நான் அதை ஒரு சடங்காகத்தான் எழுதினேன். என்னைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

அதில் பிளேனின் பதிவெழுத்து, நிறம் (வெள்ளை, நீலக் கோடு, மேல் இறக்கை), எத்தனை பேர், எத்தனை மணி நேரத்துக்குப் பெட்ரோல், என்ன பீக்கன், அதன் பதிவு எண், வண்டி எந்த ஏர்ஃபீல்டில் நிறுத்தியிருக்கிறது எல்லாம் இருக்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பென்சிலால் மாற்றுவேன். அதற்குக் கீழே அவர் செய்ய வேண்டியது. புள்ளி 20 நிமிடம் நகரவில்லை என்றால் முதலில் அது நிற்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்: ரன்வேயா, காடா? ரன்வே என்றால் நான் இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கலாம். அப்போது கருவிக்கு ஒரு செய்தி, போனுக்கு ஒரு அழைப்பு, அந்த ஏர்ஃபீல்டுக்கு ஒரு அழைப்பு. காட்டிலோ மலையிலோ கடலிலோ நிற்கிறது என்றால் இதையெல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, நேராக மீட்பு மையத்தின் அவசர நம்பர். அந்த நம்பர் தாளில் சிவப்பு மையில் இருக்கிறது. “என் மனைவி ஓட்டும் விமானம், கடைசி இடம் இது, கடைசி நேரம் இது” என்று சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தையும் எழுதி வைத்திருக்கிறோம். பதறும்போது வாய் வராது என்பதால்.

அன்று அவர் தாளில் உள்ளபடி செய்தார். கடைசிப் புள்ளி வந்து அரை மணிக்குள் கான்பெராவுக்குச் செய்தி போய்விட்டது. தாள் இல்லாவிட்டால் மாலை வரை காத்திருந்திருப்பேன் என்று அவரே சொன்னார். ஜூன் மாதத்தில் மாலைக்குப் பிறகு அந்த இடத்தில் என் உடம்பு எவ்வளவு நேரம் தாங்கியிருக்கும் என்று ஒரு நர்ஸாக எனக்குத் தெரியும்.

சும்மா கூப்பிட்டுவிட்டால் என்ற பயத்தை விடுங்கள். மீட்பு மையத்தில் யாரும் கோபிப்பதில்லை. சீக்கிரம் கூப்பிட்டதற்காக ஒருவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். கணவர் கோபித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஒரு பைலட்டாக நான் சொல்கிறேன், அவருக்காக நீங்கள் கூப்பிட வேண்டும், கூப்பிடுவீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதோடு சார்டைமும் கொடுக்கச் சொல்லுங்கள். இத்தனை மணிக்குள் நான் இறங்கினேன் என்று சொல்லாவிட்டால் தேடுங்கள் என்று விமானக் கட்டுப்பாட்டுத் துறையிடம் பதிவு செய்வது அது. கருவி கெட்டாலும், நீங்கள் தூங்கிவிட்டாலும், கடிகாரம் விழித்திருக்கும்.

ஏ.பி., பெர்த்: நான் பறப்பதே தனியாக இருக்கத்தான். வீட்டிலிருந்து யாரோ புள்ளி பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை. விழுந்தால் செத்துத்தான் போவோம், அப்புறம் டிராக்கர் எதற்கு?

தம்பி, தனியாக இருக்கும் ஆசை எனக்கும் உண்டு. மேலே போனபின் கிடைக்கும் அந்த அமைதிக்காகத்தான் நானும் போகிறேன். ஆனால் கேள்வியின் இரண்டாவது பாதி சரியில்லை.

ஸ்டீவ் ஃபாஸெட்டைத் தெரிந்திருக்கும். பலூனில் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர். 2007 செப்டம்பர் 3 காலை, நெவாடாவில் ஒரு பண்ணையிலிருந்து ஒரு சின்ன விமானத்தில் சும்மா ஒரு சுற்று என்று கிளம்பினார். பறப்புத் திட்டம் எதுவும் கொடுக்கவில்லை. அவசர பீக்கன் உள்ள கைக்கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது, அன்று கட்டிக்கொள்ளவில்லை. ஒரு மாதம் தேடினார்கள். அந்தத் தேடலில் வேறு பல பழைய விமானங்களின் சிதைவுகள் கிடைத்தன, அவருடையது கிடைக்கவில்லை. ஓராண்டு கழித்து, கலிஃபோர்னியாவில் மாமத் லேக்ஸ் பக்கம் மலையேறப் போன ஒருவர் கண்ணில் அவருடைய அடையாள அட்டைகள் பட்டன. அதன் பிறகுதான் சிதைவு கிடைத்தது.

ஃபாஸெட் மோதியவுடனே இறந்திருப்பார். டிராக்கர் அவரைக் காப்பாற்றியிருக்காது, அது உண்மை. ஆனால் அவர் மனைவி ஓராண்டு எப்படி இருந்திருப்பார்? மலைகளுக்குள் தாழப் பறந்து தேடினார்களே, அந்தத் தேடுதல் விமானிகள்? அவர்கள் உயிரும் உயிர்தான்.

இங்கே எங்கள் நியூ சவுத் வேல்ஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1981 ஆகஸ்ட் 9 இரவு, ஐந்து பேரோடு வந்த விஎச்-எம்டிஎக்ஸ் என்ற செஸ்னா 210 பாரிங்டன் டாப்ஸ் மலைக்காட்டில் காணாமல் போனது. சிட்னியிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணம்தான் அந்த இடம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆட்கள் இன்னும் அந்தப் புதருக்குள் போய்த் தேடுகிறார்கள், இன்னும் கிடைக்கவில்லை. நான் அந்த மலைக்கு மேலே போகும்போதெல்லாம் கீழே பார்ப்பேன். பச்சைப் போர்வை மாதிரி இருக்கும். ஒரு பிளேனை விழுங்கியதற்கு அடையாளமே இல்லை.

புள்ளியை எல்லோரும் பார்க்க வேண்டாம். ஒரே ஒருவருக்கு மட்டும் அந்த இணைப்பைக் கொடுங்கள். நண்பராக இருக்கட்டும். பி.எல்.பி. என்றால் அதுவும் வேண்டாம், நீங்கள் அழுத்தும் வரை அது யாருக்கும் எதுவும் சொல்லாது.

ஆர்.எல்., கோயம்புத்தூர்: ஆஸ்திரேலியாவில் பறக்கப் பழகும் என் மகள் லீவுக்கு வரும்போது இன்ரீச்சைக் கொண்டுவரலாமா? மலையேற்றத்துக்கும் உதவும் என்கிறாள்.

வேண்டாம். அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் கருவியை இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம். இன்ரீச்சும் அதில் சேரும். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டு மலையேற்றக்காரர்களை விமான நிலையங்களில் தடுத்து வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஜே.எம்., நாகர்கோவில்: உங்கள் பெயருக்குக் கீழே குளச்சல் என்று பார்த்தேன். விமானத்துக்கு இவ்வளவு இருக்கிறதே, நம்ம கடல்காரங்களுக்கு இதுபோல உண்டா?

உண்டு. இஸ்ரோ உருவாக்கிய டாட் என்ற அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. படகில் வைத்து, ஆபத்தில் பட்டனை அழுத்தினால் இடத்தோடு செய்தி செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்குப் போகும். 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில், செய்தி கிடைத்துவிட்டது என்று படகுக்குப் பதிலும் வரும். அதுதான் பெரிய மாற்றம் என்று நான் நினைக்கிறேன்.

ஓகி புயல் வந்த 2017 நவம்பர் கடைசியில் நான் சிட்னியில் இருந்தேன். ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். பதில் எல்லாம் ஒன்றுதான்: “இன்னும் வரல.” சின்ன வயதில் எங்கள் சித்தப்பா ஒருவர் கடலுக்குப் போய் வரவில்லை. சித்தி ஏழு வருடம் நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. அழிக்கலாமா கூடாதா என்று அவளுக்கு யாரும் சொல்ல முடியவில்லை. பிளேன் ஓட்டுகிறவர்களிடம் நான் பீக்கன் பீக்கன் என்று நச்சரிப்பது அவளால்தான்.

உங்கள் தெருவில் படகு வைத்திருப்பவர் யாராவது கருவியை வாங்கிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால், வெளியே எடுத்து, கைக்கு எட்டும் இடத்தில் கட்டச் சொல்லுங்கள்.

கே.சி., பிரிஸ்பேன்: பி.எல்.பி. வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? பழையதை என்ன செய்வது?

கையேட்டில் சொல்லியுள்ள செல்ஃப் டெஸ்ட் பட்டனை மட்டும் அழுத்துங்கள், சொல்லியுள்ள எண்ணிக்கைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறையும் பேட்டரி கொஞ்சம் போகும். ஆன்டெனாவை நிமிர்த்தி உண்மையாக ஒலிக்கவிட்டுப் பார்க்காதீர்கள். கைதவறி ஒலித்துவிட்டால் உடனே அணைத்து, மீட்பு மையத்துக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். தவறுதலாக நடந்ததற்குத் தண்டனை கிடையாது. பேட்டரி காலாவதித் தேதி பீக்கனின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

பழையதைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். லாரியில் நசுங்கும்போது அது விழித்துக்கொண்டு ஒலிக்க ஆரம்பிக்கும். குப்பைமேட்டில் கிடக்கும் பீக்கனைத் தேடி மீட்புக் குழு போன சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. அந்த நேரத்தில் வேறு யாராவது உண்மையில் விழுந்திருந்தால்? பேட்டரி விற்கும் கடைகளில் சில வாங்கிக்கொள்கின்றன, முதலில் போன் செய்து கேளுங்கள். பதிவையும் ரத்து செய்யுங்கள். மட்ஜீயில் பைக்குள் கிடந்த என்னுடைய பழையதின் தேதி முடிந்தபோது நானும் அப்படித்தான் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போதையது மஞ்சள் நிறம், வெஸ்ட்டின் இடது பாக்கெட்டில் ஒரு கயிற்றில் கட்டியிருக்கிறது.